தேர் நிலைக்கு வரும்வரை: பகலிலிருந்து இரவுக்குப் போகும் டைம்-லாப்ஸில் எது எங்கே பிழைக்கிறது

முதல் தடவை எடுத்த தேர் டைம்-லாப்ஸை, அதாவது சில விநாடிக்கு ஒன்றாக எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடவிட்ட வீடியோவை, வீட்டு டீவியில் போட்டுக் காட்டினேன். அம்மா கடைசிவரை பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, சாமி மினுக்கு மினுக்குனு வருது? கரண்டு சரியில்லையா?" என்று கேட்டார். ஐந்து மணிநேரம் பெரியப்பாவின் கடை மாடியில் நின்று எடுத்த படம். கரண்டில் ஒரு குறையும் இல்லை. கெமராவை அதன் சொந்தப் புத்திக்கு விட்டதுதான் பிழை.

கண்டி எசலப் பெரஹராவை எடுத்துப் பழகியவர்கள், அதே செட்டிங்கில் தேரையும் எடுத்துவிடலாம் என்று நினைப்பார்கள். பெரஹராவின் இரவு ஊர்வலங்கள் இருட்டிய பிறகே வீதிக்கு வருகின்றன. ஆரம்பத்தில் வைத்த எக்ஸ்போஷர் (படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) கடைசிவரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். மாத்தளை முத்துமாரியம்மனின் மாசி மகத் தேர் அப்படியில்லை. ஐந்து தேர்களும் வெயிலில் வீதிக்கு வந்து, பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஊரைச் சுற்றுகின்றன. தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவும் இதே கதைதான். பின்னேரம் கிளம்பும் தேர் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) லயமாக நின்று, அர்ச்சனைத் தட்டு வாங்கி, நிலைக்கு வரும்போது நடுச்சாமம் ஆகிவிடும்.

கணக்கில் சொன்னால், மேகம் மூடிய மாலை நான்கு மணிக்கு அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 4, ஷட்டர் 1/250 விநாடி, ஐ.எஸ்.ஓ. (சென்சரின் உணர்திறன்) 100 போதும். அதே ரோட்டுக்கு இரவு எட்டு மணிக்கு எஃப் 4, 2 விநாடி, ஐ.எஸ்.ஓ. 400 வேண்டும். இடையில் 11 ஸ்டொப்; ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது. வெளிச்சம் இரண்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த இறக்கத்தில் பிறக்கிறவை. மீதிப் பாதி, கையால் பூட்டியிருக்க வேண்டிய ஏதோ ஒன்றை ஓட்டோவில் விட்டதால் வருபவை. மாறவேண்டியது எக்ஸ்போஷர் ஒன்றுதான். மற்ற எல்லாம் முதல் படத்தில் இருந்தபடியே கடைசிப் படத்திலும் இருக்கவேண்டும்.

"படம் மினுக்குகிறது"

அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் மூன்று, மருந்தும் மூன்று. எந்த நேரத்தில் மினுக்குகிறது என்பதை முதலில் பாருங்கள்.

பகல் வெளிச்சத்திலேயே, வீதியில் யாரும் இல்லாதபோதும், முழுப்படமும் லேசாகத் துடிக்கிறதா? அது லென்ஸின் அப்பர்ச்சர். டி.எஸ்.எல்.ஆர். கெமராக்களில் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்து, மறுபடி நீங்கள் வைத்த எஃப் 8-க்கு மூடுகிறது. ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் அதே அளவுக்கு மூடுவதில்லை. தனிப் படமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. விநாடிக்கு 25 படம் ஓடும்போது தெரியும். லென்ஸின் ஆகப் பெரிய அப்பர்ச்சரிலேயே எடுத்தால் மூடவேண்டிய வேலையே இல்லை, மினுக்கமும் இல்லை. அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய மெனுவல் லென்ஸ் கையில் இருந்தால் அதுவே மேல். கெனனில் ஒரு பழைய தந்திரம் உண்டு: அப்பர்ச்சரை மூடிக் காட்டும் டெப்த் ஒஃப் ஃபீல்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி லென்ஸைக் கழற்றுவதுபோல் கொஞ்சம் திருப்பினால் மின் தொடர்பு விட்டுப்போய், அப்பர்ச்சர் அங்கேயே நின்றுவிடும். வேலை செய்யும்தான். ஆனால் மாடி விளிம்பில் வைத்து இதைச் செய்ய எனக்கு மனம் வராது. பாதி கழன்ற லென்ஸுக்குக் கீழே சனக்கூட்டம்.

வீதி வெறுமையாக இருந்தவரை சரி, ஊர்வலம் வந்ததும்தான் மினுக்கமா? அது மீட்டரிங், கெமரா தானாக வெளிச்சத்தை அளக்கும் முறை. பின்னால் கரும்பச்சைத் தேயிலை மலை, முன்னால் திடீரென்று முந்நூறு வெள்ளை வேட்டி சட்டை. கெமரா பயந்து படத்தை இருட்டாக்கும். கூட்டம் நகர்ந்ததும் மறுபடி வெளிச்சமாக்கும். அப்பர்ச்சர் ப்ரையொரிட்டியில் (அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கெமராவே தெரிவு செய்யும் முறை) எடுக்கிறவர்கள், சட்டகத்தில் பாதியாவது வானமும் மலையும் கூரைகளும் இருக்கும்படி அகலமாக வைத்து, முழுப்படத்தையும் பார்க்கும் மீட்டரிங்கைத் தெரிவு செய்யுங்கள். நிக்கோனில், படத்துக்குப் படம் வெளிச்சம் தாவாமல் பார்க்கும் எக்ஸ்போஷர் ஸ்மூத்திங் இருந்தால் போட்டுவிடுங்கள். நான் இப்போது முழு மெனுவலில்தான் எடுக்கிறேன். மூன்றில் ஒரு ஸ்டொப்பாக நானே மாற்றுவேன். பிறகு எல்.ஆர். டைம்-லாப்ஸ் மென்பொருள் அந்தப் படிக்கட்டைச் சாய்வாக்கித் தரும். இதற்கு ரோ ஃபைலாக (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்திருக்கவேண்டும். ஜேபெக்கில் எடுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

இருட்டிய பிறகு மட்டும் மினுக்குகிறதா? அது விளக்கு. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டர் 1/100, 1/50, 1/25 என்று இருந்தால் ஒவ்வொரு படமும் முழுத் துடிப்புகளாக அள்ளிக்கொள்ளும். 1/80-இலும் 1/200-இலும் துண்டு துண்டாக மாட்டும். பின்னேரம் ஐந்தரைக்கே தேரில் லைட் போட்டுவிடுவார்கள். அப்போது உங்கள் ஷட்டர் இந்த மோசமான எல்லைக்குள்தான் இருக்கும். 1/25-ஐ விட மெதுவான ஷட்டருக்குச் சீக்கிரம் போய்விடுவது நல்லது. தேருக்குப் பின்னால் டிரக்டரில் வரும் ஜெனரேட்டரின் கரண்ட் சரியாக 50-இல் நிற்பதுமில்லை. ஸ்பீக்கர் செட்டும் லைட்டும் சேர்ந்து இழுக்கும்போது அது முக்கும், வெளிச்சமும் சேர்ந்து முக்கும். ஒரு விநாடி ஷட்டரில் இது எதுவும் தெரியாது.

சத்தம் வராது என்று எலெக்ட்ரோனிக் ஷட்டரில் வைத்திருந்தால், எல்.ஈ.டி. வெளிச்சத்தில் மினுக்கம் போதாதென்று குறுக்குக் கோடுகளும் வரும். மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். தவில் முழங்கும் இடத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

சோடனை வளைவில் ஓடும் சீரியல் பல்புகள் உண்மையாகவே அணைந்து எரிபவை. அவற்றை மென்பொருளில் திருத்தப் போகாதீர்கள். பல்பு அணையும்போது முழுப்படத்தையும் தூக்கி, எரியும்போது முழுப்படத்தையும் இறக்கி, மலையையும் சேர்த்து மினுக்க வைத்துவிடும். மற்ற மினுக்கத்தைத் திருத்தும்போது வானமோ சுவரோ உள்ள ஒரு மூலையை மட்டும் அளவாகக் காட்டுங்கள்.

"ஆறரைக்குப் பிறகு படம் கறுத்துவிட்டது" அல்லது "வெளுத்துவிட்டது"

கறுத்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள். வெளுத்தால் முந்திவிட்டீர்கள். இரண்டுக்கும் காரணம், வெளிச்சம் சீராகக் குறையும் என்ற நம்பிக்கை.

போனில் உள்ள செயலி மாசி மாதத்தில் சூரிய அஸ்தமனம் 6.20 அளவில் என்று காட்டும். அது அடிவானத்துக்குச் சொன்ன நேரம். நமக்கு அடிவானம் எங்கே இருக்கிறது? மேற்கே ஒரு மலை இருந்தால், ஐந்து மணிக்கே அதன் நிழல் வீதியில் விழுந்துவிடும். சில நிமிடங்களுக்குள் இரண்டு மூன்று ஸ்டொப் போய்விடும். அதன்பிறகு ஒரு மணிநேரம் பெரிய மாற்றமில்லை. இந்த அமைதியில்தான் டீ குடிக்கப் போய் மாட்டிக்கொள்கிறோம். அஸ்தமனத்துக்குப் பிறகு வருவது செங்குத்துப் பள்ளம். நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகை வடக்கே. சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது, 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. அடிவானத்துக்கு 6 பாகை கீழே போக 22 நிமிடம் அளவில்தான் ஆகும். அந்த நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டொப் வீதம் வெளிச்சம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே நிமிடத்துக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு ஸ்டொப். கடிகாரத்தைப் பார்த்தே செய்யலாம். பிறகு ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். கையால் கெமராவைத் தொடாமல் போன் செயலி வழியாக மாற்றினால் படம் ஆடாது.

முதல் நாள் அதே நேரத்தில் போய் நின்று, நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலியும் உங்கள் தெருவுக்கு அதைச் சொல்லாது.

ஏழு மணிக்கு மேல் ஒரு இடத்தில் நிறுத்திவிடவேண்டும். தெருவிளக்கும் கடை விளக்கும்தான் இனி வெளிச்சம், அது குறையப்போவதில்லை. அதற்குப் பிறகும் கூட்டிக்கொண்டே போனால் இரவு பகல்போலாகிவிடும். இரவு இரவாகத் தெரிய, மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டொப்பாவது குறைத்தே வைக்கிறேன்.

இன்னொரு பொறி: உயரமான தேர் கம்பிகளுக்குக் கீழே போகும்போது சில ஊர்களில் கரண்டை நிறுத்துவார்கள். தெரு முழுக்க இருட்டு, ஜெனரேட்டர் பூட்டிய தேர் மட்டும் வெளிச்சம். ஓட்டோவில் இருக்கும் கெமரா உடனே எல்லாவற்றையும் திறந்துவிடும். கரண்ட் வந்ததும் பத்துப் படம் வெள்ளைக் காகிதம். மெனுவலில் இருந்தால், அந்த இருட்டே படத்தில் ஆக அழகான இடமாக அமையும்.

"தேர் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பொட்டு"

சுற்றியுள்ள ரோட்டுக்கும் எல்.ஈ.டி. பூட்டிய தேருக்கும் நான்கைந்து ஸ்டொப் வித்தியாசம் இருக்கலாம். ரோட்டுக்கு எக்ஸ்போஸ் செய்தால் சாமி முகம் போச்சு. போனது மென்பொருளில் திரும்பி வராது. ரோ ஃபைலில் நிழலை இரண்டு ஸ்டொப் தூக்கலாம், வெளுத்ததை இறக்க முடியாது. ஆகவே தேருக்கு எக்ஸ்போஸ் செய்யுங்கள். முதல் நாள் இரவு லைட் போட்டுச் சரிபார்ப்பார்கள். அப்போது ஒரு படம் எடுத்து, சாமி முகம் வெளுக்காத அளவைக் குறித்துக்கொண்டால் மறுநாள் அதுவே உங்கள் எல்லை.

"தேர் தாவித் தாவிப் போகிறது", "தேரையே காணோம்"

இடைவெளி பிழை. ஆட்கள் வடம் பிடித்து இழுக்கும் தேர் விநாடிக்கு அரை மீற்றர் நகர்கிறது என்று வைப்போம். உங்கள் சட்டகத்தில் 30 மீற்றர் ரோட்தான் தெரிகிறதென்றால், ஒரு நிமிடத்தில் தேர் கடந்துவிடும். 5 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் 12 படம். திரையில் அரை விநாடி. ஐந்து மணிநேரக் காத்திருப்புக்கு அரை விநாடி சாமி தரிசனம்.

இடைவெளியை 2 விநாடியாகக் குறைக்கலாம். ஆனால் இரவில் ஷட்டர் 2 விநாடிக்குப் போக முடியாது. கெமரா படத்தை கார்டில் எழுதும் நேரமும் அதற்குள் அடங்கவேண்டும். 1 விநாடியோடு நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.-வை 800-க்கு ஏற்றவேண்டும். எனக்குப் பிடித்த வழி இடத்தை மாற்றுவது. மலையகத்தின் வளைவு ரோடு நமக்குக் கிடைத்த கொடை. எதிர்மலையில் ஏறி நின்றால், தேர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மறைந்து மறைந்து வெளிவரும். ஒரு மணிநேரம் சட்டகத்தைவிட்டுப் போகாது. 5 விநாடி இடைவெளி அங்கே தாராளம். இருட்டியதும் மலையில் ஒளிரும் பாசிமணி ஒன்று உருண்டு போவதுபோல் இருக்கும். தோட்டத்தில் சொல்லிவிட்டு ஏறுங்கள், அட்டை கடிக்காமல் காலுக்கு உப்போ சவர்க்காரமோ பூசிக்கொள்ளுங்கள். 2700 படத்தில் நான் பார்க்காமல் விட்ட ஒரே காட்சி, அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஐந்து நிமிடம்தான்.

தேர் ஒரு வாசலில் பத்து நிமிடம் நின்றால், திரையில் ஐந்து விநாடி நிற்கும். அதை வெட்டி எறியாதீர்கள். தேர் நிற்பதும் கூட்டம் அதைச் சுற்றி மொய்ப்பதும் சேர்ந்ததுதான் ஊர்வலம்.

"ஆட்கள் எறும்புபோல் துடிக்கிறார்கள்" அல்லது "புகையாகிவிட்டார்கள்"

முதலாவது, பகலில் ஷட்டர் வேகம் அதிகம். இரண்டாவது, இரவில் மெதுவாகிவிட்டது. ஒரே படத்துக்குள் இரண்டும் வருவதைத் தவிர்க்க முடியாது. பகலில் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) பூட்டி ஷட்டரை மெதுவாக்கலாம் என்பார்கள். ஆனால் இருட்டும்போது அதைக் கழற்றவேண்டும். கழற்றும்போது சட்டகம் அசையும், ஃபோகஸ் வளையம் நகரும், நிறமும் கொஞ்சம் மாறும். பகல் துடிப்போடு வாழப் பழகிவிட்டேன். துடிப்பு மெல்ல மெல்லக் குழைந்து ஓடுவதும் பொழுது சாய்வதோடு பொருந்தித்தான் போகிறது.

"படம் ஆடுகிறது"

ட்ரைபொட்டை எதன்மேல் வைத்தீர்கள்? தகரக் கூரையும் பலகைத் தளமும் யார் நடந்தாலும் ஆடும். கொங்கிரீட் தட்டிலும் சுவர் ஓரம்தான் உறுதி, நடுத்தட்டு பஸ் போனாலே அதிரும். நடுத்தண்டைத் தூக்காதீர்கள், பையைக் கீழே கட்டித் தொங்கவிடுங்கள். பை காற்றில் ஊஞ்சலாடாமல் தரையைத் தொட்டபடி இருக்கட்டும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அணைத்துவிடுங்கள். ட்ரைபொட்டில் அது தானே ஆடத்தொடங்கும்.

வேறொரு ஆட்டமும் உண்டு. "தம்பி, கொஞ்சம் தள்ளி வைங்க, சாமி வருது" என்று கோயில் கமிட்டி ஐயா ஒருவர் வந்து நிற்பார். அந்த நேரத்தில் வாதாடி வேலையில்லை. காலையிலேயே போய், எங்கே நிற்கப்போகிறேன், எத்தனை மணிவரை நிற்பேன் என்று சொல்லி வையுங்கள். தேருக்கு மேலே, மாடியில் நின்று சாமியைக் கீழே பார்த்து எடுப்பதைச் சிலர் விரும்புவதில்லை. கேட்டுவிட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

"மங்கலாகிவிட்டது"

முழுப்படமும் வெளுத்து, பத்து நிமிடத்தில் தெளிந்தால் அது மூடுபனி. அதைத் திருத்தவேண்டியதில்லை, நுவரெலியாப் பக்கம் எடுத்த படத்துக்கு அதுதான் முத்திரை. விளக்குகளைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளி பூத்து, போகப்போக மோசமானால் லென்ஸ் கண்ணாடியில் ஈரம் படிந்துவிட்டது. லென்ஸ் ஹூட் கொஞ்சம் தாமதப்படுத்தும். பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டியை லென்ஸில் சுற்றினால் தடுக்கும். பட்டி இல்லையென்றால் இரண்டு படத்துக்கு இடையில் மெல்லத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு படம் கெட்டால் போகட்டும். முடிந்ததும் குளிர்ந்த கெமராவைச் சூடான அடுப்படிக்குள் கொண்டுபோகாதீர்கள். உடம்பெல்லாம் வியர்த்துவிடும். பையை மூடி, ஒரு மணிநேரம் அப்படியே விடுங்கள்.

மங்கல் திடீரென்று ஒரு படத்தில் தொடங்கி அப்படியே நின்றுவிட்டால், அது ஈரமல்ல, ஃபோகஸ். இருட்டில் ஓட்டோஃபோகஸ் தேடி ஓடிப் பிழையான இடத்தில் நின்றிருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே ஃபோகஸ் செய்து, மெனுவலுக்கு மாற்றி, வளையத்தில் டேப் ஒட்டுங்கள்.

"நிறம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் தாவுகிறது"

ஓட்டோ வைட் பெலன்ஸ், அதாவது கெமரா தானாக நிறத்தைச் சரிசெய்வது. 5500 கெல்வினில் (பகல் வெளிச்சத்தின் நிற அளவு) பூட்டுங்கள். தெருவிளக்கு மஞ்சளாக வரும், அது மஞ்சள்தானே. மிகையாகத் தெரிந்தால் ரோ ஃபைலில் படிப்படியாகக் குறைக்கலாம்.

"பாதியில் நின்றுவிட்டது"

எத்தனையாவது படத்தில் நின்றது என்று பாருங்கள். கெனனின் உள் இன்டர்வல் டைமரில் 99 வரைதான் எண் வைக்கலாம், 00 என்று வைத்தால்தான் நிறுத்தும்வரை ஓடும். சரியாக 99-இல் நின்றிருந்தால் காரணம் அதுதான். வேறு எண்ணில் நின்றிருந்தால் மெமரி கார்டைப் பாருங்கள். ஐந்து மணிநேரம், 5 விநாடிக்கு ஒன்று, 3600 படம். ஒரு ரோ ஃபைல் 25 எம்பி என்றால் 90 ஜிபி. 64 ஜிபி கார்ட் மூன்றரை மணிநேரத்திலேயே, தேர் வரும் நேரத்தில் நிரம்பிவிடும். கார்டிலும் இடமிருந்தால் பெட்டரிதான். குளிரில் அது சீக்கிரம் இறங்கும். டம்மி பெட்டரியில் (பெட்டரி இடத்தில் செருகும் வயர் கட்டை) பவர் பேங்கைப் பூட்டி, வயரை ட்ரைபொட் காலோடு கட்டிவிடுங்கள்.

போனில் எடுத்தவர்களுக்கு ஒன்று: அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம், ஆகவே ஏரோபிளேன் மோட். ஐபோன் நேரம் நீள நீளத் தானாகவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகும். ஐந்து மணிநேரம் ஓடவிட்டாலும் கிடைப்பது அரை நிமிடம் அளவுதான். தேர் வருவதற்கு முன்பு நிறுத்தி, புதிதாகத் தொடங்குங்கள்.

மழையால் நின்றதென்றால், பங்குனி சித்திரையில் பின்னேர இடி மழை வழக்கம்தான். கெமராவுக்குக் குடை கட்டலாம். ஆனால் மின்னல் தொடங்கினால் மாடியில் இரும்பு ட்ரைபொட்டுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டாம், ஓடவிட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள். நின்றுபோன படம் இரண்டு துண்டாகிவிட்டால், ட்ரைபொட்டை அசைக்காமல் அதே சட்டகத்தில் மறுபடி தொடங்கி, இணைக்கும் இடத்தில் ஒரு விநாடி கரைந்து மாறவிடுங்கள். இடையில் நனைந்த ரோட்டில் தேர் விளக்கு நீளமாக விழுந்திருக்கும். பார்க்கிறவர்கள் வெட்டைக் கவனிக்கமாட்டார்கள்.